ஆக்குவோன் கடன்: இறைச்சி மாடும் பிறப்புரிமையியலும் எழுப்பும் அறவினா

விலங்குகளை மனிதன் எவ்வாறு நடத்துதல் வேண்டும் என்பது பழைய வினா. விலங்குகளை மனிதன் எவ்வாறு ஆக்குதல் வேண்டும் என்பது அதனினும் புதிய வினா. முன்னையது, ஏற்கெனவே பிறந்து கண்முன் நிற்கும் ஓர் உயிரைப் பற்றியது. வள்ளுவர் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களில் வைத்தமை, உண்ணுதலும் கொல்லுதலும் வேறுபட்ட அறவினாக்கள் என்பதை உணர்த்துகின்றது. இன்றைய பிறப்புரிமையியல் இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றைச் சேர்த்துள்ளது. இன்னும் பிறவாத உயிர் எத்தகைய உடலோடு பிறத்தல் வேண்டும் என்று தீர்மானிப்பவனுக்கு அவ்வுயிர் தொடர்பாகக் கடமை ஏதேனும் உண்டா என்பதே அது. புலால் உண்பதை ஏற்போரும் மறுப்போரும் ஒருங்கே எதிர்கொள்ள வேண்டிய வினா இது.

விலங்கின் உடலை மனிதன் தன் தேவைக்கேற்ப வனைந்த வரலாறு ஆய்வுகூடங்களுக்கு முற்பட்டது. இங்கிலாந்தின் லெஸ்ரர்சயர்ப் பகுதியில் டிஷ்லி என்னுமிடத்துப் பண்ணையாளராய் வாழ்ந்த றொபேட் பேக்வெல் (1725–1795) செம்மறிகளையும் நீள்கொம்பு மாடுகளையும் நெருங்கிய உறவினுள்ளேயே இணையவிட்டு, விரைவிற் கொழுக்கும் இனங்களை உருவாக்கினார். 1859 இல் வெளிவந்த தமது நூலை டார்வின் வளர்ப்பு விலங்குகளின் வேறுபாடுகளிலிருந்தே தொடங்கினார் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. ஆயினும் பேக்வெல்லுக்குப் புலனானது உருவம் மட்டுமே. உருவத்தின் பின்னே நின்ற காரணம் அவருக்குத் தெரியாது. காரணத்தை அறியாது செய்தவனுக்கும் அறிந்து செய்பவனுக்கும் பொறுப்பு ஒன்றாகாது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த அறியாமை நீங்கிய வகையைப் பெல்ஜிய நீலம் எனப்படும் மாட்டினம் தெளிவாகக் காட்டுகின்றது.

இவ்வின மாடுகளின் தோளும் தொடையும் இயல்புக்கு மீறிப் புடைத்திருக்கும். இதனை இரட்டைத்தசை என்பர். உண்மையில் தசைகள் இரட்டிப்பதில்லை. தசைநார்களின் தொகையே பெருகுகின்றது. முன்னர் பாலுக்கும் இறைச்சிக்குமாக வளர்க்கப்பட்ட இம்மாடுகளிலிருந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், இரட்டைத்தசை உடையவை இடைவிடாது தெரிந்தெடுக்கப்பட்டன. 1997 இல் இதன் காரணம் வெளிப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளரும் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளரும், மயோஸ்ரற்றின் என்னும் புரதத்துக்குரிய பரம்பரையலகில் பதினொரு எழுத்துகள் அற்றுப்போயிருத்தலை இவ்வினத்திற் கண்டனர். தசை வளர்ச்சிக்குக் கடிவாளமாய் அமைவது அப்புரதம். கடிவாளம் அறுந்தவிடத்துத் தசை தன் எல்லையைக் கடந்து வளர்கின்றது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இவ்விகாரம் வந்து சேரும்போதே அதன் விளைவு முழுமையாகத் தோன்றும்.

விளைவு தசையோடு நின்றுவிடவில்லை. கன்று பருத்தது, தாயின் இடுப்பெலும்பு வழியோ ஒடுங்கியது. இன்று தூய பெல்ஜிய நீலக் கன்றுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை சத்திரசிகிச்சை மூலமே வெளியே எடுக்கப்படுகின்றன. கன்றீனுதலில் இடர் நேர்ந்தபோது தாயையும் கன்றையும் காப்பதற்கென மிருக வைத்தியர் கைக்கொண்ட சிகிச்சையே இது. இடர்ப்பட்டு ஈனும் பசுக்களும் அவற்றின் கன்றுகளும் மடிந்துபோதல், பருமன் மிகுதிக்கு இயற்கை இட்டிருந்த தடையாகும். கத்தி அத்தடையை அகற்றியது. தடை அகன்றபின் மேலும் பருத்தவற்றைத் தெரிந்தெடுத்தல் இலாபமாயிற்று. இவ்வாறு, இடருக்கு மருந்தாய் வந்த சிகிச்சை இடரை நிலைபெறச் செய்யும் ஏற்பாடாய் மாறியது. தீங்கு செய்யும் எண்ணம் எவருக்கும் இருந்ததெனக் கூறுவதற்கில்லை. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொருவரும் நியாயமானதையே செய்தனர். படிகள் யாவும் சேர்ந்து சென்றடைந்த இடமே நியாயமற்றதாயிற்று.

இவ்வினா நீதிமன்றத்துக்கும் சென்றது. வேதனை தரத்தக்க இனவிருத்தியைச் சுவீடன் நாட்டுச் சட்டம் தடைசெய்திருந்தது. 1995 இல் அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தபின், பெல்ஜிய நீலக் காளைகளின் விந்தைப் பயன்படுத்தியமை தொடர்பான வழக்கொன்று ஐரோப்பிய நீதிமன்றத்தை எட்டியது. ஓர் உறுப்பு நாட்டில் முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட தூய இனக் காளையின் விந்துக்குப் பிறிதோர் உறுப்பு நாடு தடை விதித்தல் இயலாது என 1998 இல் அந்நீதிமன்றம் தீர்த்தது. வர்த்தகத்தைப் பற்றிய இத்தீர்ப்பு அறவினாவுக்கு விடையாகாது. சட்டத்தில் இடமின்றிப்போன ஒரு வினா மனச்சான்றின் முன் அப்படியே நிற்கின்றது.

இவ்வினவிருத்தியை ஆதரிப்போர் கூறும் முதலாவது நியாயம் எளிதானது. எப்படியும் கொல்லப்படவிருக்கும் விலங்கு எவ்வாறு பிறந்தால் என்ன என்பர். ஓர் உயிரின் முடிவு தீர்மானிக்கப்பட்டுவிட்டமையால் அதன் இடைக்காலம் பொருளற்றதாகிவிடாது. மனிதனும் சாகப் பிறந்தவனே. விலங்குகளிடத்து நேரடிக் கடமை இல்லை என வாதிட்ட கான்ற் கூட, அவற்றைக் கொடுமைப்படுத்துதல் மனிதனின் உள்ளத்தை வன்மையாக்கும் எனக் கண்டித்தார். 1789 இல் வெளியான தமது நூலில் பென்தம், பகுத்தறிவும் பேச்சும் அல்ல, துன்புறும் இயல்பே கருதத்தக்கது எனக் கொண்டார். இருவர் வழிகளும் வேறாயினும், இறைச்சிக்கான விலங்கின் வேதனை கணக்கிலெடுக்கத்தக்கது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

இரண்டாவது நியாயம் வலிமை மிக்கது. டெரெக் பார்பிற் 1984 இல் வெளியிட்ட நூலில் மனித சந்ததியைக் குறித்து எழுப்பிய புதிர் இங்கும் பொருந்தும். வேறு காளையைத் தெரிந்திருந்தால் இக்கன்று நலமாய்ப் பிறந்திராது, இக்கன்று பிறந்தேயிராது, வேறொரு கன்றே பிறந்திருக்கும். இக்கன்றின் வாழ்வு மொத்தத்தில் வாழத்தக்கதாயின் அதற்கு இழைக்கப்பட்ட தீங்கு யாது? பிறவாமையோடு ஒப்பிடுமிடத்து அது நட்டமடையவில்லையே என்பர்.

இவ்வாதத்துக்கு இரு விடைகள் உள. முதலாவது, தாயைப் பற்றியது. சினைப்படுத்தும் நாளில் நாகு ஏற்கெனவே உயிரோடு நிற்கின்றது. எந்த விந்தை இடுவது என்னும் தீர்மானம் பிறந்துவிட்ட ஓர் உயிரின்மீது எடுக்கப்படுகின்றது. அதன் வயிறு ஈற்றுதோறும் கிழிக்கப்படும் என அறிந்தே அது எடுக்கப்படுகின்றது. இங்குப் புதிர் எதுவுமில்லை. தீங்குறுவது யார் என்பது வெளிப்படை. இரண்டாவது, கன்றைப் பற்றியது. பழுதுபட்ட அத்திவாரத்தில் வீடமைப்பவன், அதில் யார் குடியேறுவர் என அறியான். குடியேறுவோர் இன்னும் பிறவாதவராகவும் இருக்கலாம். எனினும் அவன் தவறு அத்திவாரமிடும்போதே நிறைவுறுகின்றது. ஆக்குவோன் கடன் இன்னாருக்கு என வரையறுக்கப்பட்டதன்று. தான் ஆக்குவதைப் பெறப்போகும் எவருக்கும் உரியது. சற்றுக் குறைந்த இறைச்சியோடு எளிதிற் பிறக்கும் கன்றைத் தெரிந்தெடுக்க வழியிருந்தும் அதனைத் தவிர்த்தல் அக்கடனின் மீறலாகும்.

அக்கடனின் அளவு யாது? அமெரிக்க மெய்யியலாளர் பேர்னாட் றொலின் 1995 இல் ஓர் அளவுகோலைத் தந்தார். பிறப்புரிமை மாற்றம் பெற்ற விலங்கு, மாற்றம் பெறாத தன் மூலவிலங்கைக் காட்டிலும் நலத்திற் குறைந்திருத்தல் ஆகாது என்பது அது. ஐக்கிய அமெரிக்காவின் பெல்ற்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் 1980களில் மனித வளர்ச்சி ஓமோனுக்குரிய பரம்பரையலகு செலுத்தப்பட்ட பன்றிகள் மூட்டுவாதத்தாலும் இரைப்பைப் புண்ணாலும் நலிந்தன. றொலினின் அளவுகோல் அம்முயற்சியை உடனே நிராகரிக்கும். ஆனால் பெல்ஜிய நீலத்தை அது என்செய்யும்? இன்றைய கன்று நேற்றைய தாயைவிட நலிந்ததன்று. தாயும் கத்தியாற் பிறந்ததே. மூலமே பழுதுபட்டிருப்பின் மூலத்தோடு ஒப்பிடும் அளவுகோல் பழுதையே நியமமாக்கிவிடும். ஆதலின் ஒப்பீடு பெற்றோரோடு அமைதல் போதாது. பிறத்தல், மூச்சுவிடுதல், நடத்தல், ஈனுதல் ஆகியவற்றை இடையறாத சிகிச்சையின்றிச் செய்யவல்ல உடலே அளவாக அமைதல் வேண்டும்.

இவ்வளவுகோல் ஆய்வுக்கு எதிரானதன்று. நோர்வே நாட்டின் செம்மாட்டு இனவிருத்தியில் பாலின் அளவோடு கருவளமும் நோயெதிர்ப்பும் 1970களிலேயே சேர்த்துக் கணிக்கப்பட்டன. எளிதிற் கன்றீனும் இயல்பும் பரம்பரையாக வருவதே. 2009 இல் மாட்டின் முழுப் பரம்பரைத் தொகுதியும் வெளியிடப்பட்டபின் அதனைத் தெரிந்தெடுக்கும் வசதி பெருகியுள்ளது. குட்டையான உரோமத்தால் வெப்பத்தைத் தாங்குமாறு திருத்தப்பட்ட இறைச்சி மாடுகளுக்கு 2022 இல் ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இடமளித்தது. தடையை உடைத்த அதே அறிவு தடையை மீள அமைக்கவும் உதவும்.

எனினும் துன்பத்தைக் குறைக்கும் மாற்றம் யாவும் நன்று எனக் கொள்ளலாகாது. பிறவிக் குருடான கோழிகள் நெருக்கடியான கூடுகளில் ஒன்றையொன்று கொத்துதல் குறைவு. அவ்வாறாயின் குருட்டுக் கோழிகளையே பெருக்கலாமே என்னும் சங்கடமான வினாவைப் போல் தொம்சன் 2008 இல் ஆராய்ந்தார். இதனோடு கொம்பில்லா மாட்டை ஒப்பிடுக. கொம்பு சுடப்படும் வேதனையைத் தவிர்க்கும் பொருட்டு, இயல்பாகவே கொம்பற்ற இனங்களிற் காணப்படும் விகாரம் பாற்பசு இனமொன்றின் கலங்களிற் செலுத்தப்பட்டு 2015 இல் கன்றுகள் பிறந்தன. 2019 இல் அவற்றின் உடலில் எதிர்பாராத பற்றீரிய டி.என்.ஏ. கலந்திருந்தமை கண்டறியப்பட்டது. இது கையாள்வோர்க்கு அடக்கத்தைக் கற்பிப்பது. ஆயின் நோக்கத்தைப் பிழையாக்குவதன்று. கொம்பு, பரந்த மேய்ச்சல் நிலத்திலும் பிற மாடுகளைக் காயப்படுத்தவல்லது. அதனை இழந்த மாடு மாட்டு வாழ்வை இழப்பதில்லை. கண்ணை இழந்த கோழியோ தன் உலகையே இழக்கின்றது. அங்குத் திருத்தப்பட வேண்டியது கூடு, திருத்தப்பட்டதோ கோழி. நல்ல பராமரிப்பிலும் எஞ்சும் துன்பத்தைக் களையும் மாற்றம் வேறு. தீய பராமரிப்பைப் பொறுக்கத்தக்கதாக்கும் மாற்றம் வேறு.

இனவிருத்தியில் எந்த இயல்புக்கு எத்துணை நிறை அளிப்பது என்பது எண்களால் எழுதப்படும் கணிப்பு. அது தொழினுட்ப வினாவெனக் கருதப்பட்டு நிபுணரிடம் விடப்படுகின்றது. ஆனால் தசைக்கு ஒரு நிறையும் தாயின் நலத்துக்கு ஒரு நிறையும் இடுபவன் அறத்தீர்ப்பொன்றையே எழுதுகின்றான். கொழுப்புக் குறைந்த மலிவான இறைச்சியை நாடும் நுகர்வோனும் அத்தீர்ப்பிற் கையொப்பமிடுகின்றான். உடலைத் தெரிந்து ஆக்கும் ஆற்றல் கைவந்தபின், இயற்கை இவ்வாறு படைத்தது எனச் சொல்லி ஒதுங்குதல் மனிதனுக்கு இயலாது.