ஒரே கூட்டில் இரு முயல்கள்



இரண்டு முயல்களை ஒரே கூட்டில் அடைத்து வளர்ப்பவன் அவற்றுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? இது அற்பக் கேள்வியாய்த் தோன்றலாம். ஆயினும் நம்மை எதிர்த்துப் பேச இயலாத பிராணியிடத்தில் நாம் நடந்துகொள்ளும் விதத்திலேதான் நமது நியாயபுத்தி வெளிப்படும்.

முதலாவது, முயலின் சுபாவத்தை அறிய வேண்டும். வீட்டு முயல், ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தது. மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாய் வாழ்வது அதன் இயல்பு. ஆகையால் துணையின்றித் தனியே அடைத்து வைப்பது அதற்குத் துன்பமே. ஆனால் அதே முயலுக்குத் தன் எல்லையைக் காக்கும் குணமும் உண்டு. ரொனால்டு லாக்லி என்பவர் வேல்ஸ் நாட்டில் முயல்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து, 1964-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவற்றுக்குள் மேல் கீழ் என்ற வரிசை இருப்பதையும், நெருக்கடி மிகுந்தால் பெண் முயலின் வயிற்றுக் கரு பிறவாமலே கரைந்துபோவதையும் அவர் எடுத்துரைத்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வெட்டவெளியில் தோற்ற முயல் ஓடிப் பிழைக்கும். கூட்டிலோ ஓட இடமில்லை. அந்த வழியை அடைத்தவர்கள் நாமே. ஆகவே அவை சமாதானமாய் வாழும் வகையைத் தேடித் தரும் பொறுப்பும் நம்முடையதே.

அந்த வகை யாது? ஆண், பெண் இரண்டுக்கும் கால்நடை மருத்துவரிடம் இனப்பெருக்கத் தடை அறுவை செய்விக்க வேண்டும். சினம் தணியச் சில வாரங்கள் செல்லும்; ஆண் முயலால் அக்காலத்திலும் கருத்தரிக்கச் செய்ய முடியுமாதலால் அதுவரை பிரித்தே வைக்க வேண்டும். பிறகு கம்பி வலைக்கு இப்புறமும் அப்புறமுமாக வைத்து, ஒன்றின் படுக்கைப் புல்லை மற்றதற்கு மாற்றிப் போட்டு, வாசனையைப் பழக்க வேண்டும். அப்பால், இரண்டும் தன்னுடையதென்று உரிமை கொண்டாடாத புது இடத்தில், தினம் சில நிமிஷம் சந்திக்க விட வேண்டும். சற்றுத் துரத்துவதும் மேலேறுவதும் வரிசை அமைக்கும் முறை, தடுக்க வேண்டாம். கடித்துச் சுழன்று ரோமம் பறந்தால் உடனே பிரியுங்கள், வெறுங்கையை நீட்டாதீர்கள். ஒன்று தலை தாழ்த்த மற்றது நக்கிவிடுவதும், இரண்டும் ஒட்டிப் படுப்பதும் நல்ல அடையாளங்கள். இதற்கு வாரங்கள், சில வேளை மாதங்களும் ஆகும்.

கூட்டிலும் தண்ணீர், தீவனம், ஒளியும் பெட்டி எல்லாம் இரண்டிரண்டாக இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாசல் வையுங்கள். இங்கிலாந்தின் முயல் நலச் சங்கம் இரண்டு முயல்களுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரமாவது வேண்டும் என்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். மேல்நாடுகளில் சிலர் குறுக்குவழி ஒன்றைக் கையாளுகிறார்கள். இரண்டையும் ஒரே கூடையிலிட்டுக் காரில் ஓட்டிச் செல்வார்கள். அல்லது ஓடுகிற சலவை இயந்திரத்தின் மேல் வைப்பார்கள். அவை நடுங்கி ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும். "கொஞ்ச நேர அச்சத்தால் நீண்ட கால நன்மை வருகிறதே! அறுவையும் நோவுதானே!" என்பது அவர்கள் வாதம்.

இரண்டும் ஒன்றல்ல. அறுவை, சண்டையின் மூல காரணங்களில் ஒன்றை நீக்குகிறது. அச்சமோ எதையும் நீக்குவதில்லை, மூடி வைக்கிறது. ஆபத்துக் கண்டால் அசையாது உறைவது முயலின் இயல்பு; அந்த அசையாமை சம்மதம் ஆகாது. சில வேளை சண்டை நின்றும் போகலாம். ஆயினும், அச்சத்தால் மிச்சமானது யாருடைய நேரம்? வளர்ப்பவனுடையது. நோவு யாருக்கு? முயல்களுக்கு. தன் பொறுமையின்மைக்கு மற்றொரு ஜீவனை விலைகொடுக்கச் செய்வது நியாயமன்று.

எவ்வளவு முயன்றும் இணங்காத ஜோடிகளும் உண்டு. அப்போது இரண்டு கூடு அமைப்பதே கடமை. அதற்கு இடமில்லையேல் ஒன்றை நல்ல வீட்டில் ஒப்படைப்பதே அன்பு.

வாசகரே, இந்த நியாயம் முயலோடு முடிவதில்லை. ஒரே அறையில் பிள்ளைகள் நெருங்கி வாழும் வீடுகள் நம்மிடையே பல. தகப்பனின் பிரம்பைக் கண்டு அண்ணனும் தம்பியும் வாய்மூடி உட்கார்ந்திருந்தால், அதை ஒற்றுமையென்று நம்பிவிடாதீர்கள். ஆளுக்கொரு மூலையும், கோபம் ஆறச் சிறிது நேரமும் கொடுத்துப் பாருங்கள்.