சுவர் செய்யும் நன்மை யாருடையது?

இலண்டன் மாநகரின் தென்புறத்தே, சட்டன் வட்டாரத்தில், பெட்ஸெட் என்றொரு குடியிருப்பு உண்டு. 82 வீடுகள் கொண்ட அது 2002-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. வடிவமைத்தவர் பில் டன்ஸ்டர் என்னும் கட்டடக் கலைஞர். இயற்கையை இயன்றவரை குறைவாகச் செலவிட்டு வாழ்வதற்கென்றே எழுந்த அவ்வூரைக் காண, உறவினரும் நண்பருமாக ஒரு ஞாயிறன்று சென்றோம்.

தொலைவிலேயே கண்ணைக் கவர்பவை கூரைமேல் நிற்கும் வண்ணக் காற்றுக்கூண்டுகள். காற்றடிக்கும் திசைக்கேற்பத் தாமே திரும்பி, புதுக்காற்றை உள்ளே வாங்கிப் பழங்காற்றை வெளியேற்றுகின்றன. வெளியேறும் காற்று தன் சூட்டை உள்வரும் காற்றுக்கு ஈந்துவிட்டே செல்கிறது. மின்விசிறிக்கு அங்கு வேலையில்லை. சுவரினுள்ளே ஏறத்தாழ ஓர் அடிக் கனத்துக்கு வெப்பம் காக்கும் பொதி. தெற்கு நோக்கிய கண்ணாடி முகப்போ குளிர்கால வெயிலைச் சிறைபிடித்து வைக்கிறது. வீட்டைச் சூடாக்கச் செலவாகும் ஆற்றல் அவ்வட்டாரச் சராசரியினும் 81 விழுக்காடு குறைந்திருந்ததாக 2007-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக் கூறிற்று.

எண்ணியவை யாவும் கைகூடிவிடவில்லை. மரச்சில்லுகளை எரித்து மின்சாரமும் வெந்நீரும் தர அமைத்த பொறி சில ஆண்டுகளிலேயே ஓய்ந்தது. எரிவாயுக் கொதிகலன் அவ்விடத்தைப் பிடித்தது. முயலாதவர்க்கு இத்தகைய தோல்விகளும் இல்லை என்பதால், இதைக் குறையாகச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

நம்மை வருத்தியது உடன் வந்த சிறுவன் ஒருவனின் கேள்விதான். "இந்த வீட்டில் குடியிருந்தாலே போதுமா மாமா? நன்மை எழுதப்பட்டுவிடுமா?"

செயல்கள் யாவும் எண்ணத்தைப் பொறுத்தவை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நிய்யத் இல்லாத பட்டினி நோன்பாவதில்லை. அங்ஙனமாயின், உறங்குகின்றவனுக்காகச் சுவர் சேமித்துத் தரும் வெப்பம் எவருடைய கணக்கில் சேரும்? கட்டியவரின் கணக்கில் என்று சொல்லி அமையலாம். ஆனால் அதே 2007-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மற்றொன்றையும் சொன்னது. அக்குடியிருப்பில் வாழும் சராசரி மனிதரைப் போல் உலகத்தார் எல்லோரும் வாழ்ந்தால், நமக்கு இரண்டரைப் பூமிக்கும் சற்று மேல் தேவைப்படுமாம். உண்ணும் உணவு, வாங்கிக் குவிக்கும் பொருள், வானூர்திப் பயணம் ஆகியவற்றைச் சுவரா தடுக்கும்? சென்னையிலிருந்து பறந்து வந்து இதைப் பார்த்து வியந்துகொண்டிருந்த நமக்கு அது சற்றுச் சுடவே செய்தது.

எனினும் சுவரைப் பயனற்றதென்று தள்ளவும் இயலாது. சிக்கனமாக வாழ விரும்பியும் ஒழுகும் வீட்டில் வெப்பத்தை இழக்கும் ஏழைக்கு, நல்லெண்ணம் மட்டும் குளிரைப் போக்கிவிடுமா? வீடு தன் பங்கைச் செய்து, மீதியை மனிதனுக்கு விட்டுவைக்க வேண்டும். பெட்ஸெட்டை அமைத்தவர்கள் இதனை அறிந்தே இருந்தனர் போலும். மின்சாரமும் நீரும் எவ்வளவு செலவாகின்றன என்று காட்டும் அளவிகளை, சமைப்பவர் கண்ணில் படும்படி அடுக்களையிலேயே வைத்தனர். அதை நோக்குவதும் நோக்காதிருப்பதும் குடியிருப்பவர் பொறுப்பு. நன்மை எழுதப்படும் இடம் அதுவாக இருக்கலாம் என்று சிறுவனிடம் சொன்னோம்.

மாலையில் நாம் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பியதும், இங்கே அளவி எங்கே இருக்கிறது என்று அவன் கேட்டான். வீட்டுக்காரருக்கே உடனே நினைவுக்கு வரவில்லை. மாடிப்படியின் கீழுள்ள அலமாரியில், பழைய காலணிகளுக்குப் பின்னே அது இருந்தது.