இரண்டு எட்டுப் பின்னால்

2003 மே மாதம் பாரிஸில் நடந்த உலக மேசைப்பந்துச் சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் ஒற்றையர் இறுதிக்கு வந்த தென்கொரியர் ஜூ சே ஹியுக், மேசையோடு ஒட்டி நின்று அடிக்கிறவர் அல்ல. எதிராளி ஓங்கி அடிக்க அடிக்க, இரண்டு மூன்று மீற்றர் பின்னுக்குப் போவார். பந்து இடுப்பளவுக்கு இறங்கும் வரை பொறுப்பார். பிறகு மட்டையை மேலிருந்து கீழாக இழுத்து வெட்டி அனுப்புவார். பந்து வலையை ஒட்டித் தாழ்வாக மிதந்து போய் அந்தப் பக்கம் இறங்கும். அடித்தவர் அதை மறுபடி அடியிலிருந்து தூக்கி அடிக்க வேண்டும். சீனாவின் மா லின் காலிறுதியில் அந்த வெட்டில்தான் மாட்டினார். அரையிறுதியில் கிரேக்கத்தின் கிரெயாங்காவும் அதைத் தாண்ட முடியாமல் வெளியேறினார். இறுதியில் ஆஸ்திரியாவின் வெர்னர் ஷ்லாகரிடம் ஜூ தோற்றார். ஆனாலும், பின்னுக்கு நின்று தற்காத்து ஆடும் ஒருவர் உலக இறுதி வரை வரலாம் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்த காலம் அது.

இங்கே, புத்தளம் மாவட்டத்தின் மதுரங்குளிப் பக்கம் பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டு ஆடும் பிள்ளைகளுக்கு எல்லாருக்கும் ஒரே ஆசை: அடிக்க வேண்டும். சுற்றி நிற்பவர்களும் "அடிடா, அடிடா" என்றுதான் கத்துவார்கள். ஓங்கி அடித்த பந்து மேசையில் விழுந்தால் கைதட்டல். வெளியே போனாலும் "பரவாயில்லை, நல்ல அடி" என்ற ஆறுதல். பின்னுக்கு நின்று ஐந்தாறு பந்தைத் திருப்பியவனுக்கோ, "என்ன, சும்மா தள்ளிக்கொண்டே இருக்கிறாய்?" என்ற கேள்விதான் மிச்சம். விளையாட்டில் மட்டும் இப்படியென்றில்லை. வீட்டிலும் சந்தியிலும் வேலைத்தளத்திலும் உடனுக்குடன் திருப்பிக் கொடுப்பவர் துணிந்த ஆள். நிதானித்து வாங்கிக்கொள்பவர் பயந்தவர். வலுவாக வந்து விழுவதை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஊரில் இந்த ஒரு விடைதான் புழக்கத்தில் இருக்கிறது. மேசைப்பந்தில் ‘சொப்’ என்று சொல்லும் பின்சுழல் வெட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், அந்த விடை போதாது என்று தெரிகிறது.

முதலில் பந்தின் கணக்கு. எதிராளி மேற்சுழல் கொடுத்து அடிக்கும் பந்து முன்னோக்கி உருண்டபடி காற்றில் வருகிறது. அதைத் தானும் மேற்சுழலாகவே திருப்பி அடிக்க நினைப்பவர், வந்த சுழற்சியை முதலில் அடக்கி, பிறகு நேர் எதிர்த்திசையில் சுழல வைக்க வேண்டும். பலத்துக்குப் பலம். வெட்டுபவர் இதைச் செய்வதில்லை. பந்தின் தன் பக்கத்து முகம் ஏற்கெனவே கீழ்நோக்கித்தான் சுழல்கிறது. அவருடைய மட்டையும் கீழ்நோக்கி உரசி இறங்குகிறது. ஆகவே பந்து எப்படிச் சுழன்று வந்ததோ அப்படியே சுழன்றபடி திரும்பிப் போகிறது. பயணத் திசை மாறிவிட்டதால் வந்தபோது மேற்சுழலாக இருந்தது போகும்போது பின்சுழல் ஆகிவிடுகிறது. எதிராளி எவ்வளவு பலமாகச் சுழற்றினாரோ அவ்வளவு பாரமான பந்து அவருக்கே போய்ச் சேரும். மட்டையின் ஒரு பக்கத்தில் நீண்ட முளைகள் கொண்ட ‘லோங் பிம்பிள்ஸ்’ இறப்பர் ஒட்டியிருந்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அந்த இறப்பர் தானாகச் சுழற்சி உண்டாக்குவது குறைவு. வந்ததைத்தான் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கும்.

வெட்டுபவர் வந்த சுழற்சியை எதிர்க்கவில்லை, அதற்குப் பணிந்து போகவும் இல்லை. அதன் வேகத்தை எடுத்துவிட்டு, பாரத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறார்.

இதைப் படிக்க வருகிறவர் எப்போதும் கையைத்தான் கவனிப்பார். நல்ல பயிற்றுநர் காலைப் பார்ப்பார். வலக்கை ஆட்டக்காரர் என்றால், பந்து வலப்பக்கம் வரும்போது வலது கால் பின்னுக்குப் போக வேண்டும், உடம்பு பக்கவாட்டில் திரும்ப வேண்டும், மட்டை காதோரம் உயர வேண்டும். பந்து இறங்க இறங்க முழங்கால் மடங்கும், மட்டையும் கூடவே இறங்கும், உடம்பின் பாரம் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாறும். இடப்பக்கம் வந்தால் எல்லாம் மறுபக்கம்: இடது கால் பின்னுக்கு, மட்டை இடது தோளுக்கு மேலே. வெட்டி முடிந்ததும் நின்று பார்க்கக் கூடாது. குதிகாலை ஊன்றாமல், சின்னச் சின்ன எட்டாக நடுவுக்குத் திரும்பி, எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் நேரத்தில் இரண்டு பாதத்திலும் சமமாக நிற்க வேண்டும்.

புதிதாகப் படிப்பவர் செய்யும் தவறு அநேகமாக ஒன்றுதான். கால் போகாது, கை மட்டும் எட்டும். எட்டிப் பிடித்த மட்டையின் முகம் வானத்தைப் பார்க்கும். பந்து உயர எழும்பி எதிராளியின் கைக்குத் தோதாக விழும். அதன் பிறகு வரும் அடியை யாராலும் எடுக்க முடியாது. அதனால்தான் பயிற்சியை மேசைக்குக் கிட்ட நின்று, பந்தை மெதுவாகப் பின்சுழலில் தள்ளிப் பழகுவதில் தொடங்குகிறார்கள். பிறகு ஓர் எட்டுப் பின்னால், அப்புறம் இன்னோர் எட்டு. பயிற்றுநர் ஒரு கூடைப் பந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வலம், இடம், வலம் என்று மாற்றி மாற்றி அனுப்புவார். படிப்பவர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்கவாட்டு ஓட்டம் பழகிய பிறகுதான் மிகக் கடினமான பாடம் வரும். இரண்டரை மீற்றர் பின்னால் நிற்பவரைப் பார்த்து, கெட்டிக்காரரான எதிராளி அடிக்காமல், வலைக்குக் கிட்ட ஒரு பந்தை மெத்தென்று வைப்பார். முன்னுக்குப் பாய்ந்து, வலது பாதத்தை மேசைக்கு அடியில் ஊன்றி, அதை எடுக்க வேண்டும். எடுத்த கையோடு அடுத்த அடி வரும். அதற்குள் மறுபடி பின்னுக்குப் போயிருக்க வேண்டும். மேசையோரம் நின்று அடிப்பவர் பெரும்பாலும் இடமும் வலமும்தான் நகர்வார்; வெட்டி ஆடுபவர் நான்கு திசைக்கும் ஓடுவார். சும்மா தள்ளுகிறான் என்று பெயர் வாங்குபவன்தான் அந்த மேசையில் அதிகம் ஓடுகிறான். பின்னுக்குப் போவதால் பந்தைப் பார்க்க ஒரு கண நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதற்கு விலையாகக் காக்க வேண்டிய நிலம் அகலித்துவிடுகிறது.

இந்தக் கரையில் இன்னொரு சிரமமும் உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டில் மாம்புரிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே தென்மேற்குக் காற்று மண்டபத்துக்குள்ளும் வரும். பந்தின் எடை 2.7 கிராம். வேகமாக அடித்த பந்தாவது காற்றைக் கிழித்துப் போய்விடும். மெதுவாக மிதந்து போகும் வெட்டுப் பந்தைத்தான் காற்று முதலில் திருப்பும். யன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் பந்து நிலைக்காது. காற்றோடு வரும் பொடிமணல் சீமெந்துத் தரையில் படிந்து காலை வழுக்கவைக்கும். ஆடத் தொடங்குமுன் ஈரத்துணியால் தரையைத் துடைப்பது இங்கே கால் பயிற்சியின் ஒரு பகுதி.

வெட்டி ஆடியவர்களிலேயே பெரிய பெயர் ரிச்சர்ட் பேர்க்மன். வியன்னாவில் பிறந்த யூதர். 1937இல் ஆஸ்திரியாவின் பாடன் நகரில் 17 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அவர் இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார். 1939, 1948, 1950 என்று மறுபடியும் மூன்று முறை உலகப் பட்டம் வென்றார். நடுவில் ஒரு உலகப் போரே நடந்து முடிந்திருந்தது. அவருடைய ஆட்டத்தை வைத்து அவர் வாழ்க்கையை விளக்கப் புகுந்தால் அது மிகையாகிவிடும். ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் வந்து இறங்கிய புத்தளம் மாவட்டத்தில், ஊரை விட்டு வந்த இடத்தில் மறுபடி காலூன்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று எவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பேர்க்மனின் பிந்திய மூன்று பட்டங்களையும் இங்குள்ளவர்கள் அந்தக் கண்ணோடு வாசிக்கலாம்.

அதே 1937 பாடன் போட்டியில் இன்னொன்றும் நடந்தது. தற்காப்பைப் புகழ்கிறவர்கள் அதை ஒளிக்கக் கூடாது. பெண்கள் இறுதியில் அமெரிக்காவின் ரூத் ஆரன்ஸும் ஆஸ்திரியாவின் டிரூடி பிரிட்ஸியும் பந்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். நேர வரம்பு கடந்தது. இருவரையும் நீக்கி, பட்டத்தை யாருக்கும் இல்லை என்று அறிவித்தார்கள். 2001இல்தான் இருவரும் கூட்டுச் சாம்பியன்கள் என்று ஏற்கப்பட்டது. பாடன் போட்டிக்கு முந்திய ஆண்டு பிராக் நகரில் ஏர்லிக், பனெத் என்ற இருவர் ஒரே ஒரு புள்ளிக்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடியிருந்தார்கள். இன்றைய விதியில் அது நடக்காது. 10 நிமிடத்தில் ஒரு செட் முடியாமலும், இருவரும் சேர்ந்து 18 புள்ளி எடுக்காமலும் இருந்தால், அதன் பிறகு சேர்வ் போடுபவரின் பந்துகளை மற்றவர் 13 முறை திருப்பிவிட்டாலே புள்ளி திருப்பியவருக்கு. யாராவது ஒருவர் துணிந்து முடித்தாக வேண்டும்.

பொறுமையும் வெறும் தள்ளலும் இங்கே பிரிகின்றன. நல்ல வெட்டாட்டக்காரர் ஒவ்வொரு பந்திலும் ஒரு முடிவு எடுக்கிறார். ஒரே கை வீச்சில் ஒரு பந்துக்குக் கனத்த பின்சுழல் கொடுப்பார்; அடுத்ததற்குச் சுழற்சியே இல்லாமல் விடுவார். அதையும் பாரம் என்று நம்பித் தூக்குபவரின் பந்து மேசைக்கு வெளியே பறக்கும். தளர்ந்த பந்து ஒன்று வந்தால் பாய்ந்து முன்வந்து அடிப்பார். ஜூ சே ஹியுக்கைக் கண்டு மற்றவர்கள் பயந்தது அவர் வெட்டுக்காக மட்டுமல்ல. எந்த நேரமும் திரும்பி விழக்கூடிய அவருடைய வலப்பக்க அடிக்காகவும்தான். அந்த ஆயுதம் இல்லாத தற்காப்பு, எதிராளிக்கு ஆறுதலாக அடித்துப் பழகக் கிடைத்த சுவர்.

வாழ்க்கைக்கு இதைக் கொண்டுவரும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. "பொறுத்துப் போ" என்ற புத்திமதி நம் ஊர்களில் எல்லாருக்கும் சமமாகச் சொல்லப்படுவதில்லை. பெண்பிள்ளைக்கு, கூலிக்காரருக்கு, புதிதாகக் குடிவந்தவருக்குத்தான் அது அதிகம் சொல்லப்படுகிறது. எதிர்க்கத் தெரிவும் உரிமையும் பறிக்கப்பட்டவரைப் பொறுமைசாலி என்று புகழ்வது அநியாயம். வெட்டாட்டக்காரரின் பொறுமை அவராகத் தேர்ந்தெடுத்தது. எப்போது நிறுத்துவது என்பதும் அவர் கையில் இருக்கிறது. கோபமாக வந்து கத்துகிற வாடிக்கையாளரின் சத்தத்தை விட்டுவிட்டு, முறைப்பாட்டை மட்டும் எடுத்துப் பதில் சொல்லும் கடைக்காரர் அந்த வகை. வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வைக்கப்பட்ட பணியாள் அந்த வகை அல்ல.

தற்காத்து ஆடுபவர்களுக்குக் காலமும் கருணை காட்டவில்லை. 1952இல் பம்பாயில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. ஆசியாவில் நடந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப் அது. ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ கனமான ஸ்பொஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்து பட்டத்தைக் கொண்டுபோனார். மட்டையில் பந்து படும் ஓசையைக் கேட்டே அடியின் பலத்தைக் கணித்துப் பழகியவர்களுக்கு அந்த மட்டை ஓசையே தரவில்லை. அதன் பிறகு மேசைப்பந்து அடிப்பவர்களின் ஆட்டமாக மாறிக்கொண்டே போனது. 2000இல் பந்தின் விட்டம் 38 மில்லிமீற்றரிலிருந்து 40 ஆனது; 2014இல் செலுலோயிட் போய் பிளாஸ்டிக் வந்தது. இரண்டு முறையும் சுழற்சி குறைந்தது. சுழற்சிதான் வெட்டுபவரின் முதல்.

ஆனாலும் அந்த ஆட்டம் அழியவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் கிம் கியுங் ஆ பின்னுக்கு நின்று வெட்டியே வெண்கலம் வென்றார். சீனாவின் ஹோ யிங்சாவ் நாற்பதை நெருங்கும் வயதில், தன்னைவிட மிக இளையவர்களை வெட்டி ஆடித் தோற்கடித்துத் தேசியப் பட்டம் வென்றார். 2024 பெப்ரவரியில் பூசானில் இந்தியாவின் ஐஹிகா முகர்ஜி உலகின் முதல்நிலை வீராங்கனை சுன் யிங்ஷாவை 3-1 என்று வென்றபோது, அவர் மட்டையின் ஒரு பக்கத்தில் இருந்தது சுழற்சியைத் தின்னும் ‘அன்டி-ஸ்பின்’ இறப்பர். அவர் மேசைக்குக் கிட்ட நின்று ஆடுபவர்தான். ஆனால் எதிராளியின் பலத்தை எதிராளிக்கே தொல்லையாக்கும் வித்தை அதுவும்.

மதுரங்குளியிலும் முந்தலிலும் பாலாவியிலும் மேசைப்பந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்துப் பிள்ளைகள் ஆட வந்தால் அதில் ஒன்றுக்காவது வெட்டி ஆடும் குணம் இருக்கும். அவசரப்படாது, பந்தைக் கடைசி வரை பார்க்கும், தோற்ற புள்ளியை யோசிக்கும். அந்தப் பிள்ளையை "அடி, அடி" என்று மாற்றாதீர்கள். அதற்குப் புது மேசை வேண்டாம். பின்னால் இடம் வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் ஆடுகளத்தின் நீளம் 14 மீற்றர்; மேசையின் நீளம் 2.74 மீற்றர். அப்படியானால் ஒவ்வொரு பக்கமும் ஐந்தரை மீற்றருக்கு மேல் விடுகிறார்கள். வகுப்பறையில் குறுக்கே கிடக்கும் மேசையை மண்டபத்துக்குக் கொண்டுபோய் நீளவாக்கில் போடுங்கள். சுவருக்கும் மேசைக்கும் நடுவே ஒன்றரை மீற்றர் மட்டும் இருக்கும் அறையில், எவ்வளவு ஆசையுள்ள பிள்ளையும் முன்னுக்கு நின்று அடிப்பதைத் தவிர வேறொன்றும் படிக்க முடியாது.