அன்னாவுக்கு அன்றும் வேலை இருந்தது



ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு இது. 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த ஞாயிறைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். நம் ஆண்டவரின் தாத்தா பாட்டியான புனித சுவக்கின், அன்னா திருநாள் ஜூலை 26இல் வருகிறது. அதை ஒட்டித்தான் இந்த நாள். ஆகவே முன்னால் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களோடு முதலில் பேசுகிறேன். பின்னால் நிற்கும் பிள்ளைகளே, பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் முறையும் வரும்.

திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது உங்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொள்கிறீர்கள். “சாமி, சாவியை எங்க வச்சேன்னே தெரியல.” “அடுப்புல பாலை வச்சுட்டு வாசலுக்கு வந்துடுறேன் சாமி.” “பேரனைக் கூப்பிட வாயெடுத்தா மகன் பேருதான் வருது.” சிரித்துக்கொண்டேதான் சொல்கிறீர்கள். ஆனால் கையைப் பிடித்திருக்கும் பிடியில் ஒரு பயம் தெரிகிறது. இனி நான் யாருக்கு உதவப் போகிறேன், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவேனோ என்ற பயம். இதை ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? தலை நரைத்த காலத்தில் தன்னைத் தள்ளிவிடுவாரோ என்று கலங்கியவரின் மன்றாட்டு 71ஆம் திருப்பாடலாக நம் கையில் இருக்கிறது. திருஅவை அந்தக் கலக்கத்தை விசுவாசக் குறைவு என்று ஒதுக்கவில்லை, செபமாக ஏற்றுக்கொண்டது. உங்கள் பயத்துக்கும் பீடத்தில் இடம் உண்டு.

வயது ஏறும்போது ஒரு பெயர் நாக்கில் வராமல் நின்று, அரை மணி கழித்துத் தானாக வந்துவிடுவது எல்லாருக்கும் நடப்பது. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். பல வருடம் நடந்த தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாலோ, சாவி கையில் இருந்தும் அதை வைத்து என்ன செய்வது என்று விளங்காமல் போனாலோ, மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மறதி என்றாலே குணமாகாத நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தைராய்டு குறைபாடு, பி12 சத்துக் குறைவு, வெளியே சொல்லாத மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகவே தலைகாட்டும். அவற்றுக்கு மருந்து உண்டு.

இனி யாருக்கு உதவப் போகிறேன் என்ற பயத்துக்கு வருகிறேன். லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் இன்னொரு அன்னாவைப் பார்க்கிறோம். திருமணமாகி ஏழே ஆண்டுகளில் கணவரை இழந்தவர். கோயிலே கதி என்று நோன்பிலும் செபத்திலும் இருந்தவர். வயது 84. பாலன் இயேசுவைப் பெற்றோர் கோயிலுக்குக் கொண்டுவந்த அந்த வேளையில் அவரும் அங்கே வந்துசேர்ந்தார், கடவுளைப் போற்றினார், மீட்புக்காகக் காத்திருந்தவர்களிடமெல்லாம் குழந்தையைப் பற்றிப் பேசினார். கைக்குழந்தையைப் பார்த்து இவர்தான் மீட்பர் என்று கண்டுகொள்ள எவ்வளவு விழிப்பான மனம் வேண்டும்! சாதாரணமாய் வந்துபோகும் ஓர் ஏழைக் குடும்பத்தை அவர் மனம் தவறவிடவில்லை. கடவுள் அந்த வேலைக்கு இளைஞர் ஒருவரைத் தேடியிருக்கலாமே? 84 வயதுக் கைம்பெண்ணிடம் ஏன் கொடுத்தார்? இந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்துப் பாருங்கள்.

அந்த விழிப்பு எப்படிக் காக்கப்படுகிறது என்பதற்கு நம் திருஅவைக்குள்ளேயே அருமையான சாட்சி ஒன்று இருக்கிறது. 1986இல் டேவிட் ஸ்னோடன் என்ற அறிஞர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நோத்ர் தாம் பள்ளி அருள்சகோதரிகளின் மடத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பின்னர் பல மடங்களிலிருந்து 678 சகோதரிகள் அதில் சேர்ந்தார்கள். எல்லாரும் 75 வயதைத் தாண்டியவர்கள். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்பட்டார்கள். இறந்தபின் மூளையையும் ஆய்வுக்குத் தரச் சம்மதித்தார்கள். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அந்தச் சகோதரிகள் இறந்த பிறகும் உலகத்துக்குப் பாடம் நடத்தினார்கள். அவர்களில் மேரி என்ற சகோதரி 101 வயது வரை வாழ்ந்தார். கடைசிவரை தெளிவாகப் பேசினார், சோதனைகளில் நன்றாகவே தேறினார். அவருடைய மூளையை ஆராய்ந்தபோது அல்சைமர் நோயின் அடையாளங்கள் நிறையவே இருந்தன. நோய் உள்ளே இருந்தும் அவர் மனத்தை அது வீழ்த்தவில்லை.

சிறுமலைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மழையில் மரம் விழுந்து கொண்டை ஊசி வளைவு ஒன்று அடைபட்டால், ரோடு மட்டும் தெரிந்தவர் அங்கேயே நிற்பார். தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளை நடந்து பழகியவர் எப்படியும் கீழே இறங்கிவிடுவார். வாழ்நாளெல்லாம் படித்து, பேசி, கற்றுக்கொடுத்து, புதியதைப் பழகியவரின் மூளைக்குள்ளும் அப்படிப் பல பாதைகள் விழுந்திருக்கும், ஒன்று அடைபட்டால் இன்னொன்று கைகொடுக்கும் என்றுதான் மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதே சகோதரிகள் இளம் வயதில், வார்த்தைப்பாடு எடுத்த காலத்தில், தம் வாழ்க்கை வரலாற்றைக் கையால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மகிழ்ச்சியும் நன்றியும் நிறைய வெளிப்பட எழுதியவர்கள் மற்றவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்ததும் பின்னாளில் தெரியவந்தது. நன்றி சொல்லும் பழக்கம் இருபது வயதிலேயே வேர்விட்டால் எவ்வளவு தூரம் காக்கிறது பாருங்கள்!

“நான் பள்ளிக்கூடமே போகலையே சாமி” என்று சிலர் மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. பக்கத்துக் கேரளத்தில் கார்த்தியாயனி அம்மா என்ற மூதாட்டி 96 வயதில், 2018இல், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டிப் பக்கம் 1926இல் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனை உங்களில் பலர் அறிவீர்கள். தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பிறகு கணவரோடு கீழத்தஞ்சைக்குப் போய் நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தவர். பெரும்பாலோர் ஓய்வு பெறும் வயதில் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடினார். 82 வயதில், 2008இல், உலகம் மதிக்கும் வாழ்வுரிமை விருது வந்தபோதும், ஏழைகளின் குடிசைகளைக் கல் வீடுகளாக மாற்ற வேண்டும் என்பதே அவர் பேச்சாக இருந்தது. அடுத்தவருக்காகக் கவலைப்படும் மனம் சும்மா இருக்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் காந்தி வழியில் வந்தவர். நம் பங்கைச் சேர்ந்தவர் இல்லை. ஆனாலும் அவர் வாழ்வில் ஆவியானவரின் கனியைப் பார்க்கிறேன்.

உங்களிடம் இருப்பதையும் நான் பார்க்கிறேன். தவக்காலத்து வியாகுலப் பிரசங்கத்தை ராகம் பிசகாமல் வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பங்கில் இன்று ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். பாஸ்கா நாடகத்தில் அந்தக் காலத்தில் பிலாத்து வேடம் கட்டியவர் இப்போதும் வசனத்தைத் தடுமாறாமல் சொல்கிறார். இவற்றை யாருக்குக் கற்றுக்கொடுத்தீர்கள்? கற்றுக்கொடுப்பவர் ஒவ்வொரு தடவையும் தானே மறுபடி கற்றுக்கொள்கிறார். தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் எல்லாம் நல்லதுதான். பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடினால் இன்னும் நல்லது. தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதை மனத்துக்கான வேலை என்று நான் சொல்ல மாட்டேன்.

கண்ணையும் காதையும் கவனியுங்கள். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் அறிஞர் குழு, டிமென்ஷியா என்னும் மறதிநோய்க்குக் காரணமாகும் 14 விஷயங்களை எடுத்துச் சொன்னது. காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறை, இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, அளவுமீறிய குடி, உடலுழைப்பு இல்லாமை, மனச்சோர்வு, தனிமை ஆகியவை அவற்றில் உண்டு. அந்த 14ஐயும் சரிசெய்தால் மறதிநோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. காது கேட்காதவர் பேச்சிலிருந்து மெல்ல ஒதுங்கிவிடுகிறார். மனமும் கூடவே ஒதுங்குகிறது. காது மெஷின் வைக்க வெட்கம் எதற்கு? கண்ணுக்கு மதுரை அரவிந்த் மருத்துவமனை நமக்குப் பக்கம்தான். மருத்துவர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்று, மூட்டுவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு, 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அது. பணி ஓய்வுக்குப் பிறகு ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. வந்த மாத்திரையை டப்பாவில் வைத்துவிட்டு “இன்னிக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்று விட்டுவிடாதீர்கள்.

இனி மனப் பாரத்துக்கு வருகிறேன். இரவில் விளக்கை அணைத்த பிறகு உங்கள் மனம் எங்கே போகிறது? மகன் வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் நைட் ஷிப்ட், மகள் திருப்பூரில். பேத்தி நகை அடகில் கிடக்கிறது. இந்த வருடமும் தக்காளியைப் பறித்த கூலிகூடக் கிடைக்கவில்லை. சண்டை போட்டுப் பேசாமல் போன தம்பியின் முகம் வந்து நிற்கிறது. கவலை நாள்கணக்கில் நீடித்தால் உடம்பில் கார்டிசால் என்னும் சுரப்பு குறையாமல் இருந்து, தூக்கத்தையும் நினைவையும் சேர்த்தே கெடுக்கிறது. கவலைப்படாதே என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நம் ஆண்டவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கர்மேல் மலையில் வென்ற எலியா, ஈசபேல் அரசியின் மிரட்டலுக்குப் பயந்து பாலைநிலத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற மனநிலைக்கு வந்துவிடுகிறார். இறைவாக்கினருக்கே இந்த நிலை! ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் தூங்க விட்டார். வானதூதர் தட்டி எழுப்பித் தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்கினார். அதற்கும் தடை இல்லை. மறுபடி உணவு. பிறகு ஓரேபு மலை வரை நீண்ட நடை. அங்கே போனதும் ஆண்டவர், நீ இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டு, அவர் மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்ட விட்டார். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டார், எலியா ஒரே புலம்பலை இரண்டு முறை சொன்னார், ஆண்டவருக்குச் சலிக்கவில்லை. கடைசியில், நீ தனியாள் இல்லை, ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று காட்டி, செய்ய வேலையும் கூட நடக்க எலிசாவையும் கொடுத்தார்.

தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, நடை, மனம்விட்ட பேச்சு, துணை, ஒரு வேலை. ஆண்டவர் தம் ஊழியருக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு இதுதான். நடையைப் பற்றி ஒரு வார்த்தை: 55 முதல் 80 வயது வரை உள்ள 120 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஓராண்டு ஒழுங்காக நடந்தவர்களுக்கு மூளையில் நினைவைக் காக்கும் பகுதி சுமார் இரண்டு விழுக்காடு வளர்ந்திருந்தது. ஆகவே விடியற்காலையில் மலைக்கோட்டை அடிவாரத்திலோ வயல் வரப்பிலோ இரண்டு பேராகச் சேர்ந்து நடங்கள். செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே நடக்கலாம். மனம்விட்டுப் பேச அன்பியக் கூட்டம் இருக்கிறது, ஒப்புரவு அருள்சாதனம் இருக்கிறது. நடு இரவில் யாரும் இல்லை என்று தோன்றினால் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார். முதியோர் உதவிக்கென்று 14567 இருக்கிறது. போன் செய்வதை அவமானமாக நினைக்காதீர்கள். எலியாவுக்கு வந்த வானதூதர் உங்களுக்குக் குரலாக வரக்கூடாதா?

பின்னால் நிற்கும் பிள்ளைகளே, இனி உங்களிடம் பேசுகிறேன். “நீங்க சும்மா உக்காருங்கம்மா, நான் பாத்துக்கிறேன்” என்று எல்லா வேலையையும் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். மல்லிகை தொடுக்கட்டும், கீரை ஆயட்டும், கடைக் கணக்கைப் பார்க்கட்டும், கொஞ்சம் நேரமானாலும் பரவாயில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று எரிச்சல் வருகிறதா? வரத்தான் செய்யும். காலையிலிருந்து இரவு வரை பார்த்துக்கொள்ளும் மகளும் மருமகளும் எவ்வளவு களைத்துப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். களைப்பில் கத்திவிட்டு, பிறகு அடுப்படியில் நின்று அழுகிறவர்களும் இந்தக் கோயிலில் இருக்கிறீர்கள். ஆண்டவர் அந்தக் கண்ணீரைப் பார்க்கிறார். அவர் உங்கள் களைப்பையும் கணக்கில் வைக்கிறார். ஆனால் ஒரே ஆள் தலையில் அந்தச் சுமையை ஏற்றிவிட்டு மற்றவர்கள் பண்டிகைக்கு மட்டும் வருவது நியாயமில்லை. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேர் மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நம் பங்கிலும் இருக்கிறார்கள். 45 விழுக்காடு தடுக்கக்கூடியது என்றால் மீதம் யார் கையிலும் இல்லை. நன்றாகப் படித்தவர், நடந்தவர், செபித்தவர் எல்லாருக்கும் அது வரலாம். அது பாவத்தின் தண்டனையும் இல்லை, யாருடைய சோம்பலும் இல்லை. நற்கருணை கொண்டு போகும்போது பார்க்கிறேன்: மகன் பெயர் தெரியாத தாய், மங்கள வார்த்தை செபத்தை நான் தொடங்கினால் மீதியைச் சொல்லி முடிக்கிறார். அதையும் சொல்ல முடியாத நாள் வந்தால், அவருக்காக நாம் சொல்வோம். பெற்ற தாய் மறந்தாலும் ஆண்டவர் மறக்கமாட்டார் என்று எசாயா வழியாக நமக்கு வாக்குத் தந்திருக்கிறார். தாயே தன் பெயரை மறந்த நாளிலும் அந்த வாக்கு நிற்கிறது.

அடுத்த ஞாயிறு முதல் இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு மறைக்கல்விப் பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாகப் பங்கு மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்களே, பழைய பாஸ்கா வசனங்களையும், பாட்டு மெட்டுகளையும், இந்தக் கோயில் திருவிழா அந்தக் காலத்தில் நடந்த விதத்தையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் எழுதிக்கொள்வார்கள். பதிலுக்கு உங்கள் போனில் பேரப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுவது எப்படி என்று அவர்கள் கற்றுக்கொடுக்கட்டும். நடக்க முடியாதவர்கள் அன்பியப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுங்கள். பிள்ளைகள் வீட்டுக்கே வருவார்கள்.

இப்போது நம்பிக்கை அறிக்கைக்கு எழுந்து நிற்போம். மூட்டு வலிக்கிறவர்கள் உட்கார்ந்தே சொல்லுங்கள். இன்று தாளைப் பார்க்காமல் சொல்வோம்; நடுவில் ஒருவர் விட்டால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுங்கள்.