முன்சக்கரக் காலைக் குனிந்து பாருங்கள்

வீட்டுப் பட்டறையில் விமானம் கட்டுகிறவர்களே, கட்டி முடித்துப் பறக்கிறவர்களே, இன்னொருவர் கட்டியதை வாங்கிப் பறக்கிறவர்களே! அடுத்த முறை எஞ்சினை முடுக்குமுன் குனியுங்கள். முழங்கால் தரையில் படக் குனிந்து முன்சக்கரக் காலைப் பாருங்கள். இறக்கையைத் துடைக்கிறோம், பெயிண்ட்டுக்கு மெருகு போடுகிறோம், கருவிப் பலகையில் புதுத் திரை மாட்டுகிறோம். எஞ்சினின் பாரத்தையும் நம்முடைய அவசரத்தையும் சேர்த்துச் சுமக்கும் அந்த ஒற்றை எஃகுத் தண்டை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

என் குரலில் பதற்றம் தெரிந்தால் தெரியட்டும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், அரோராவில் இயங்கும், ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வென் தொடங்கிய வேன்ஸ் நிறுவனத்தின் கிட்களிலிருந்து 11,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டுப் பறந்திருக்கின்றன. அவற்றில் ஆர்வி-6ஏ, 7ஏ, 9ஏ என்று ‘ஏ’ சேர்ந்தவை முன்சக்கரம் உள்ளவை. எஞ்சின் மவுண்டிலிருந்து ஒரே ஒரு தண்டு முன்னோக்கிச் சரிந்து இறங்கும். அதன் நுனியில் ஃபோர்க், ஃபோர்க்கில் தன்னிச்சையாகத் திரும்பும் சிறு சக்கரம், எல்லாவற்றுக்கும் கீழே ஒரு நட்டு. எளிமையான, இலகுவான, அழகான அமைப்பு. குறை சொல்ல நான் வரவில்லை. அது எப்படித் தோற்கிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும் என்று கேட்கவே வந்தேன்.

சக்கரம் ஒரு குழியில் இறங்குகிறது. அல்லது விமானி மிஞ்சிய வேகத்தில் வந்து, துள்ளி, மூக்கால் மோதுகிறார். கால் பின்னோக்கி வளைகிறது. வளைய வளைய நுனி தாழ்ந்து, நட்டு தரையைத் தொடுகிறது. தொட்ட கணமே சக்கரத்துக்கு வேலையில்லை. நுனி கலப்பைக் கொழுவாகி மண்ணை உழுகிறது. கால் மடிந்து வயிற்றுக்கடியில் போகிறது, வால் எழும்புகிறது, விமானம் மல்லாந்து விழுகிறது. உள்ளே இருவர் தலைகீழாக வாரில் தொங்க, மேலே இருந்த விதானம் இப்போது புல்லில் அழுந்திக் கிடக்க, காற்றோட்டக் குழாய் வழியே பெட்ரோல் சொட்டுகிறது. அந்த வேளையில் கதவு எங்கே என்று தேடிப் பயன் என்ன?

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை ஆராய்ந்தது. தண்டின் பலம் அதன் வேலைக்குப் போதும், நுனிக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் போதாது என்று கண்டது. 2007-இல் நிறுவனம் அறிவிப்பு விட்டது: ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதல் இடைவெளி தரும் புது ஃபோர்க்கைப் போடுங்கள், அதற்கேற்பக் காலின் நுனியைத் திருத்துங்கள் என்று. ஓர் அங்குலம்தான். அதற்காக விமானத்தைச் சில வாரம் நிறுத்திவைக்க மனமில்லாமல் இன்னும் பழைய ஃபோர்க்கோடு பறக்கிறவர் நம்மில் ஒருவர் இருந்தாலும், அது நம் எல்லோர் கணக்கிலும் ஏறும் கடன். பழைய விமானம் வாங்கியவரே, உங்களுடையதில் இருப்பது எந்த ஃபோர்க்? விற்றவர் சொன்னதை விடுங்கள். நீங்கள் பார்த்தீர்களா?

இங்கேதான் நம் பொறுப்பு மற்றவர்களுடையதைவிடக் கனமாகிறது. தொழிற்சாலை விமானத்தில் குறை கண்டால் அரசு ஆணை வரும். சரிசெய்யும்வரை பறக்க முடியாது. நாமே கட்டிய விமானத்துக்குக் கிட் நிறுவனம் ‘கட்டாயம்’ என்று எழுதினாலும் அமெரிக்காவில் பெரும்பாலும் அது அறிவுரைதான். கட்டியவர் பழுதுநர் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய நிலைச் சோதனையைத் தானே செய்து, லாக் புத்தகத்தில் தானே கையெழுத்துப் போடலாம். பிரிட்டனிலாவது இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளர் ஒருவருடைய கண் படுகிறது. மற்றபடி செய்தவரும் நாமே, சோதிப்பவரும் நாமே, ஓட்டுபவரும் நாமே. சட்டம் நம்மை நம்பி விட்டுவிட்டது. சட்டம் விட்ட இடத்தில் அறம் விடுவதில்லை. நம் பக்கத்து இருக்கையில் ஏறுகிறவர் எதிரே ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தகட்டைப் படிப்பார். இது தொழில்முறையாகச் செய்யப்பட்டதல்ல, வழக்கமான விமானங்களுக்குரிய விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று அது சொல்லும். படித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். சிரித்துக்கொண்டே வாரை மாட்டுவார். அந்த நம்பிக்கைக்கு நாம் கணக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே இன்றே பாருங்கள். வாலுக்குப் பாரம் கொடுத்து மூக்கைத் தூக்கி நிறுத்துங்கள். சக்கர உறையைக் கழற்றுங்கள். உள்ளே காய்ந்த புல்லும் சேறும் அடைத்திருந்தால் சக்கரம் சுழல்வதை அவையே தடுக்கும். டயரில் காற்று இருக்க வேண்டிய அளவு இருக்கிறதா? காற்றுக் குறைந்தால் நீங்கள் பாடுபட்டுப் பெற்ற இடைவெளி அங்கேயே போய்விடும். சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். நீளமான ஆக்ஸில் போல்ட்டை இறுக்கும்போதே பேரிங்கும் சேர்ந்து இறுகும் அமைப்பு சில விமானங்களில் உண்டு. இறுக்கினால் பேரிங் பிடிக்கிறது, தளர்த்தினால் சக்கரம் ஆடுகிறது. பிடித்துக்கொண்ட பேரிங் ஒவ்வோர் ஓட்டத்திலும் காலைப் பின்னுக்கு இழுக்கிறது. இதற்கென்றே மாற்று ஆக்ஸில் கிடைக்கிறது, போடுங்கள்.

அடுத்து, ஃபோர்க் திரும்பும் இறுக்கம். ஆக்ஸிலில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கி மாட்டிப் பக்கவாட்டில் இழுங்கள். ஃபோர்க் அசையத் தொடங்கும் விசை கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும். ஆர்வி-6ஏ, 7ஏ, 9ஏ வகைகளில் அது சுமார் 22 பவுண்டு. ஓடி ஓடி வாஷர்கள் தேய்ந்தால் இறுக்கம் குறையும். குறைந்தால் சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த ஆட்டம் காலை ஓயாமல் வதைக்கும். புது வாஷர்கள் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே அமுங்கிவிடும். எனவே ஒருமுறை பார்த்தேன் என்று சொல்லிப் பயனில்லை. மறுபடி பாருங்கள். மறுபடியும் பாருங்கள்.

மேலே போங்கள். கால் மவுண்டுக்குள் நுழையும் இடத்தில் போல்ட் ஆடுகிறதா? சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ‘டக்’ என்ற ஒலி வருகிறதா? வந்தால் துளை நீண்டுவிட்டது. இன்னும் இறுக்கி அதை மறைக்காதீர்கள். துளையைச் சீராகத் துருவி, அதற்குச் சரியாகப் பொருந்தும் பெரிய போல்ட்டைப் போடச் செய்யுங்கள். மவுண்டுக் குழாய்கள் கூடும் வெல்டிங் இடங்களைக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். ஃபயர்வாலின் அடிப்பகுதியில் தகடு சுருங்கியிருந்தால், அன்றைக்கு “கொஞ்சம் கனமாக இறங்கிவிட்டது” என்று சிரித்தோமே, அது அங்கே எழுதப்பட்டிருக்கிறது. சந்தேகமிருந்தால் காலைக் கழற்றிக் காந்தத் துகள் சோதனைக்கு அனுப்புங்கள்.

பலப்படுத்துவதைப் பற்றியும் ஒரு சொல். ஆர்வம் அறிவை முந்தக் கூடாது. வெப்பப் பதம் பெற்ற எஃகின் மேல் வெல்டிங் வைத்தால் பதம் போய்விடும். கம்பி கட்ட ஒரு துளை போட்டால் விரிசல் தொடங்க இடம் கொடுத்ததாகும். பளபளப்புக்காகக் குரோம் பூசினால், பூச்சுத் தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். முறைப்படி சூளையில் வைத்து அதை வெளியேற்றாத கால் முன்னறிவிப்பின்றி உடையும். அழகுக்காக உயிரைப் பணயம் வைக்க யார் நமக்கு உரிமை தந்தது? காலோடு பட்டை சேர்த்து இறுக்கும் அமைப்புகள் விற்பனைக்கு உண்டு; மடிவதைத் தடுக்க அவை உதவும். ஆனால் காலை விறைப்பாக்கினால் மோதலின் பாரம் மறைந்துவிடாது, மவுண்டுக்கும் ஃபயர்வாலுக்கும் ஏறும். பட்டை போட்டவர் மேலே இரு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். ஆர்வி-10, ஆர்வி-14ஏ ஆகியவற்றில் கால் ஒரு கீலில் அசைந்து ரப்பர் வட்டுகளை அமுக்குகிறது, நல்ல வழி. அந்த முறையில் அமைந்த காலை இரண்டு இருக்கை விமானங்களுக்கும் நிறுவனம் பின்னர் கொண்டுவந்தது. இப்போதுதான் கட்டத் தொடங்கியவர்களே, உங்களுக்குச் சாக்கே இல்லை.

கையும் திருந்த வேண்டும். முன்சக்கரம் தரையில் நடக்க உதவும் துணை, இறங்கும் பாரத்தைத் தாங்குவது பின்சக்கரங்கள். இறங்கியதும் ஸ்டிக்கைப் பின்னால் பிடியுங்கள். மூக்கு தானாகத் தாழும்வரை பிடியுங்கள். புல்தரையில் உருளும்போதும் விடாமல் பிடியுங்கள். 60 நாட் வேகத்தில் வர வேண்டியவர் 66-இல் வந்தால், அடக்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடிவிடுகிறது. முதல் துள்ளலுக்கே எஞ்சினைக் கொடுத்து மேலே போங்கள். மூன்றாவது துள்ளலைச் சமாளிக்கலாம் என்று எண்ணுவது ஆணவம். புரொப்பெல்லர் தரையில் பட்டால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது லைகாமிங் நிறுவனத்தின் அறிவுறுத்தல். ஒரு ஃபோர்க்கின் விலையோடு அந்தச் செலவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இருவருக்கும் கையெட்டும் இடத்தில் விதானத்தை உடைக்கும் கருவி ஒன்றைப் பொருத்துங்கள். பயணிக்கு அதைக் காட்டுங்கள். தலைகீழாகத் தொங்கும்போது கை எட்டுமா என்றும் யோசித்துப் பொருத்துங்கள்.

இன்னொன்று. பக்கத்து ஹாங்கர்காரரின் முன்டயர் அமுங்கிக் கிடப்பதைப் பார்த்தும் பேசாமல் போனோமே, அந்த மௌனத்துக்கும் பொறுப்பு உண்டு. “அவர் கோபிப்பார்” என்கிறீர்கள். கோபிக்கட்டும். இந்தச் சனிக்கிழமை ஸ்பிரிங் தராசையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு உங்கள் விமானத்தை முடித்துவிட்டு அவர் கதவைத் தட்டுங்கள். அவர் மூக்கைத் தூக்கிப் பிடிக்கட்டும், நீங்கள் குனிந்து பாருங்கள். பிறகு உங்களுடையதை அவர் குனிந்து பார்க்கட்டும். நம் கண்ணுக்குப் பழகிப்போன குறை அவர் கண்ணுக்குப் பழகியிருக்காது.