அமைதி யாருடையது?

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், கிவ்ரி என்னும் சிற்றூரிலிருந்து குளூனி வரை ஏறத்தாழ 44 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு பாதை செல்கிறது. மிதிவண்டியில் செல்வோருக்கும் நடந்து செல்வோருக்கும் மட்டுமே உரிய பாதை அது. மோட்டார் வாகனங்களுக்கு அங்கே அனுமதி இல்லை. 'பசுமைப் பாதை' என்று அதனை அழைக்கிறார்கள். 1997இல் அது திறக்கப்பட்டபோது அந்நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. இன்று இத்தகைய வழிகள் பிரான்சின் நாட்டுப்புறமெங்கும் பரவிவிட்டன. லுவார் ஆற்றை ஒட்டிச் செல்லும் வழி மட்டுமே ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளமுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் கிவ்ரியிலிருந்து புறப்பட்டு அப்பாதையில் சென்றேன். பிழைப்புக்காக மிதிவண்டி மிதிப்பவர்களையே பார்த்து வளர்ந்த எனக்கு, மகிழ்ச்சிக்காக மிதிப்பது முதலில் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. ஒரு மணி நேரத்தில் அந்தக் கூச்சம் போய்விட்டது. ஒரு பக்கம் திராட்சைத் தோட்டங்கள். மறுபக்கம் புல்வெளிகளில் அசையாது நிற்கும் வெண்ணிற ஷரொலே மாடுகள். ஆலய மணி பத்து முறை ஒலித்து ஓய்ந்தது. சிறிது நேரங்கழித்து மீண்டும் பத்து முறை ஒலித்தது. முதல்முறை எண்ணத் தவறிய உழவனுக்காக இரண்டாம் முறையும் அடிப்பதாகச் சொல்வார்கள். அந்த மணியொலியைத் தவிர வேறு ஓசை இல்லை. இத்தகைய அமைதியை என் வாழ்நாளில் அனுபவித்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பைத்தான் இப்போது ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன்.

அப்பாதையில் கடினமான ஏற்றமே கிடையாது. அதற்குக் காரணம் எளியது. ஒரு காலத்தில் அது இரயில் பாதை. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்த பிறகு, எஞ்சிய மேட்டின்மீது தார் இட்டிருக்கிறார்கள். ஆங்காங்கே பழைய நிலையக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. குளூனிக்குத் தெற்கே அதே வழி 1,600 மீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கத்தினுள் நுழைகிறது. அங்கே உறங்கும் வௌவால்களுக்காகக் குளிர்காலத்தில் அதனை மூடிவிடுகிறார்கள். இரயில் ஓடிய இடத்தில் இன்று வௌவால்களின் உறக்கத்தைக் கலைக்கக் கூடாதென்று மனிதர்கள் விலகிச் செல்கிறார்கள்.

பிரான்சின் மூலைமுடுக்குகளில் உள்ள சிற்றூர்களுக்கும் இரயில் செல்ல வேண்டும் என்று 1879இல் பொதுப்பணி அமைச்சராயிருந்த ஃபிரேசினே ஒரு பெருந்திட்டம் வகுத்தார். இரயில் வந்தால் ஊர் செழிக்கும் என்று மக்கள் நம்பினார்கள். இரயில் வந்தது, பொருள்களைக் கொண்டுவந்தது, இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போனது. இதற்கு இரயிலை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. எந்திரங்கள் வந்தபின் வயலுக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. பின்னர் 1914 முதல் 1918 வரை நடந்த போரில் அந்நாட்டின் வீரர்கள் ஏறத்தாழ 14 இலட்சம் பேர் மடிந்தார்கள். ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலும் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. நூறு வீடுகளும் இல்லாத ஊரில்கூட அந்தக் கல்லில் இருபது, முப்பது பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் இருமுறை, மும்முறை வருவதும் உண்டு. நாட்டின் நடுவே உள்ள கிரேஸ் மாவட்டத்தில் 1891இல் ஏறத்தாழ 2,85,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று அங்கே 1,15,000 பேர்தான். இவ்வாறு வெறுமையான நாட்டுப்புறத்தைக் கண்டு, 1947இலேயே கிராவியே என்ற புவியியலறிஞர், பாரிசையும் அதைச் சுற்றிய 'பிரெஞ்சுப் பாலைவனத்தையும்' பற்றி ஒரு நூல் எழுதினார்.

ஆக, நான் வியந்த அமைதி இயற்கை தந்த கொடையன்று. போனவர்கள் விட்டுச்சென்ற இடைவெளி அது. பள்ளி மூடப்பட்டதால் குழந்தைகளின் கூச்சல் இல்லை. ரொட்டிக்கடை மூடப்பட்டதால் காலையில் வாசலில் பேச்சில்லை. சாலையில் வண்டிகள் இல்லாததை மிதிவண்டிப் பயணிகளின் வழிகாட்டி நூல்கள் பெருஞ்சிறப்பாக எடுத்துக்கூறுகின்றன. அவ்வூரில் எஞ்சியிருக்கும் மூதாட்டிக்கோ, வாசலுக்கு எவரும் வருவதில்லை என்பதே அதன் பொருள். ஒருவருடைய இழப்பின்மீது மற்றொருவர் இளைப்பாறுவது சரிதானா?

"இதில் என் குற்றம் என்ன? நான் யாரையும் விரட்டவில்லையே" என்று பயணி கேட்கலாம். உண்மைதான். பாதை முடியும் குளூனியிலேயே இதற்கு ஒப்பான ஒரு பழைய நிகழ்ச்சி இருக்கிறது. 910இல் தொடங்கப்பட்ட அந்தத் துறவு மடத்தின் பேராலயம், உரோமையில் புதிய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகிலேயே மிகப் பெரியதாய் விளங்கியது. பிரெஞ்சுப் புரட்சியின்போது மடம் மூடப்பட்டது; 1798இல் கட்டடம் வணிகர்களுக்கு விற்கப்பட்டது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் அதனை உடைத்து உடைத்துக் கல்லாக விற்றார்கள். இன்று அங்கே எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கும் இராது. கல்லை வாங்கியவர்கள் துறவிகளை விரட்டியவர்கள் அல்லர். வீடு கட்ட நல்ல கல் மலிவாகக் கிடைத்தது, வாங்கினார்கள். அவர்களைப் பாவிகள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் அவர்கள் சுவரில் அந்தக் கல் என்ன கல் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும் அல்லவா?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1936இல் பிரான்சின் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் விடுமுறை வழங்கும் சட்டம் வந்தது. அந்தக் கோடையில் கணவனும் மனைவியும் இருவர் மிதிக்கும் ஒரே வண்டியில், கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் காணச் சென்றார்கள். ஆலைப் புகையில் உழன்ற அவர்களுக்கு ஆளில்லாத சாலையும் மரநிழலும் கிடைத்ததைக் குறை சொல்ல எவருக்கு மனம் வரும்? களைத்தவன் இளைப்பாறுவது குற்றமன்று. எனவே, 'இங்கே மகிழாதே' என்பது என் வாதமன்று. எதன் நடுவே மகிழ்கிறோம் என்பதை அறியாமல் மகிழ்வதுதான் என்னை உறுத்துகிறது. சுற்றுலாப் பயணி வேறு, திருப்பயணி வேறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதும் எளிது. ஊரைக் கடந்து போகிறவர்கள் என்ற அளவில் இருவரும் ஒன்றே.

ஆலயங்களின் நிலை நம் வாசகர்களைச் சற்று அதிகமாகவே வருத்தும். இருபது, முப்பது ஊர்களின் ஆலயங்களை ஒரே பங்குத்தந்தை கவனிக்கும் நிலை பல மறைமாவட்டங்களில் உண்டு. திருப்பலி மாதம் ஒருமுறை நடந்தாலே பெரிது. 1905ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப்பின் பழைய பங்கு ஆலயங்கள் பெரும்பாலும் ஊராட்சியின் உடைமை. ஆதலால் கூரையைச் செப்பனிடும் பொறுப்பும் ஊராட்சியுடையதே. கதவு பூட்டியிருந்தால், சாவி எந்த வீட்டில் இருக்கிறதென்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருப்பார்கள். வெயிலுக்கு ஒதுங்க உள்ளே நுழைந்தால் பீடத்தில் வாடாத மலர்கள் இருக்கும். யாரோ ஒருவர் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரை நாம் பார்ப்பதில்லை.

இதே பசுமைப் பாதைக்கு அருகில் ஒரு குன்றின்மேல் இருக்கிறது தேசே என்னும் ஊர். கோடையில் வாரந்தோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கே கூடிச் செபிக்கிறார்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986இல் அங்கு வந்து சென்றார். அந்தக் குழுமத்தின் பாடல்கள் நம் ஆலயங்களிலும் பாடப்படுகின்றன. ஆனால் 1940 ஆகஸ்டில் அது பாதி ஆளொழிந்த ஊர். நாடு போரில் தோற்றிருந்த நேரம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோஜர் என்னும் 25 வயது இளைஞர், கூட்டு வாழ்வுக்கு ஓர் இல்லம் தேடி, ஜெனீவாவிலிருந்து மிதிவண்டியில் அங்கு வந்தார். ஒரு மூதாட்டி அவருக்கு உணவளித்தார். நாங்கள் இங்கே தனித்துக் கிடக்கிறோம், நீங்கள் இங்கேயே தங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் வேறு இடங்களையும் பார்த்திருந்தார். அவற்றுள் வசதியானவையும் இருந்தன. ஆயினும் அந்த வேண்டுகோளைக் கேட்டபின் அவரால் அவ்வூரைக் கடந்து போக இயலவில்லை. போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு, அவர்களுள் யூதர்களும் உண்டு, அந்த வீட்டில் அடைக்கலம் தந்தார். 2005இல் மாலைச் செபத்தின்போது அவ்வூர் ஆலயத்திலேயே அவர் கொலையுண்டார். 65 ஆண்டுகளுக்கு முன் மிதிவண்டியில் வந்த ஊரிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

நம்மில் எத்தனை பேரால் அப்படித் தங்க முடியும்? என்னால் முடியாது. வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, திரும்பும் பயணச் சீட்டில் தேதி இருக்கிறது. கடந்து போகிறவர் அனைவரும் தங்கிவிட்டால் உலகம் நடவாது என்பதும் மெய்யே.

அன்று நண்பகல் கடந்ததும் என் நீர்க்குடுவை காலியாகிவிட்டது. பிரான்சில் நெடுந்தொலைவு மிதிப்பவர்கள் தண்ணீர் வேண்டுமென்றால் கல்லறைத் தோட்டத்தைத்தான் தேடிப் போவார்கள். மலர்ச்செடிகளுக்கு ஊற்ற வாயிலருகே ஒரு குழாய் பெரும்பாலும் இருக்கும். பாதையை விட்டு விலகி, மேட்டின்மேல் இருந்த ஓர் ஊருக்கு ஏறிச் சென்றேன். குழாயைத் திறந்து குடுவையை நிரப்பிக்கொண்டிருந்தபோது பின்னால் காலடியோசை கேட்டது. கையில் பூவாளியுடன் ஒரு மூதாட்டி நின்றிருந்தார். நான் விலகினேன். முதலில் நீங்கள் பிடியுங்கள் என்று கையசைத்தார். எந்த நாடு என்று கேட்டார், சொன்னேன். மிதிவண்டியைப் பார்த்துவிட்டு, "இன்றிரவு இங்கேதான் தங்குகிறீர்களா?" என்றார். ஊரில் விடுதி ஏதும் இல்லை என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"இல்லை அம்மா, குளூனிக்குப் போக வேண்டும்" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில்.

"அப்படியானால் சிரமமில்லை, இங்கிருந்து இறக்கம்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் பூவாளியைக் குழாயடியில் வைத்தார்.