தோள் வரை வந்த கை

"உங்கள்ல எத்தனை பேர் மண்டகப்பட்டு போயிருக்கீங்க?"

எங்கள் முதுகலை வரலாற்று வகுப்புக்குச் சிறப்புச் சொற்பொழிவுக்கு வந்தவர், பேச்சைத் தொடங்குவதற்கு முன் இப்படிக் கேட்டார். விழுப்புரத்திலிருந்து செஞ்சி சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் மண்டகப்பட்டு, பாறையைக் குடைந்த பழைய கோயில் இருக்கும் ஊர். யாரும் கை தூக்கவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கை மட்டும் மேசையை விட்டுக் கிளம்பித் தோள் வரை வந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கிவிட்டது. பேச்சாளர் கண்ணில் அது படவில்லை. படங்களைத் திரையில் போட ஆரம்பித்துவிட்டார்.

அவள் தினமும் செஞ்சி பஸ்ஸில் வந்து இறங்குபவள். ஊர் மண்டகப்பட்டுக்கு அடுத்தது. சின்ன வயதில் அந்தப் பாறைப் பக்கம்தான் ஆடு ஓட்டிக்கொண்டு போவோம் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் கை ஏன் இறங்கியது?

அந்தப் பருவத்தில் எதையும் நின்று யோசிக்க நேரம் இருந்ததில்லை. கல்வெட்டியல், வரலாற்று வரைவியல், இன்டர்னல் தேர்வுகள், செமினார், நடுநடுவே யாராவது ஒரு சிறப்பு விருந்தினர். வரவேற்புரை, பொன்னாடை, பேச்சு, நன்றியுரை, நாட்டுப்பண். மாலையில் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் திரும்பும்போது முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் குறிப்பேட்டைத் திறந்துவிடுவேன். பேரணி, மயிலம் எல்லாம் எப்போது வந்தன, எப்போது போயின என்று தெரியாது. அவ்வளவு ஆசையாகப் படித்தேன். அன்றைய சொற்பொழிவும் நல்ல சொற்பொழிவு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கும் பாறையைக் குடைந்து கோயில் எடுத்ததை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. அந்தச் சில வரிகளிலிருந்து ஒரு காலத்தையே எங்கள் முன் எழுப்பிக் காட்டினார். குறிப்பேட்டில் பல பக்கம் நிரம்பியது. ஆனாலும் ரயிலில் உட்கார்ந்தபோது நினைவில் நின்றது கல்வெட்டு இல்லை, அந்தக் கைதான்.

எங்கள் நிலம் திண்டிவனத்துக்கு வெளியே. மல்லாட்டைதான், அதாவது நிலக்கடலைதான், வெள்ளாமை. அப்பா வாயில் "டி.எம்.வி. ஏழு" என்ற பெயர் வந்தபடியே இருக்கும். அது ஒரு விதையின் பெயர் என்பதோடு சரி. அந்த எழுத்துகளுக்குள் எங்கள் ஊர் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அதே பருவத்தில் வேளாண்மை வரலாறு பேச வந்த வேறொருவர்தான் சொன்னார்: திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு அந்தப் பெயர், 1940-இல் வந்த டி.எம்.வி. 2 ஆந்திரம், கர்நாடகம் வரை பரவியது. ஏழு வந்தது 1967-இல். தெரியாத தேசத்துச் செய்தி போல அதை எழுதிக்கொண்டேன். அந்த நிலையத்தின் சுற்றுச்சுவரை ஒட்டித்தான் பள்ளிக்கூடத்துக்கு நடந்திருக்கிறேன்.

எனக்கும் சில விஷயங்கள் தெரியும். மண்ணில் ஈரம் சரியாக இல்லாமல் செடியைப் பிடுங்கினால் காய் பாதி உள்ளேயே தங்கிவிடும். அப்படித் தங்கியதைப் பொறுக்க, அறுவடை முடிந்த மறுநாளே பக்கத்துத் தெருப் பிள்ளைகள் கூடையோடு வந்துவிடுவார்கள். விதைக்காக உடைக்கும் பருப்பில் தோல் உரியக் கூடாது. தெருத் திண்ணையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைப்பார்கள். ஆயாவின் கட்டைவிரல் நகம் அந்த மாதம் முழுக்கக் கறுத்தே இருக்கும். பேச்சாளர் முன்னால் இதையெல்லாம் சொல்லத் தோன்றவில்லை. அது 'தெரிந்த விஷயம்' என்ற கணக்கிலேயே வரவில்லை.

அவளுக்கும் அப்படித்தானோ? 'போயிருக்கீங்களா' என்றால் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவது. ஆடு மேய்க்கப் போனது அதில் சேருமா என்று யோசித்திருப்பாளோ? இல்லை, அடுத்த கேள்வியை நினைத்துப் பயந்தாளோ? கை தூக்கினால், கல்வெட்டு எங்கே இருக்கிறது, எந்த எழுத்து என்று கேட்பார்களே.

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' எப்போதோ படித்தது, அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அந்தக் கேள்வியின் உறுத்தலில் இறங்கியவர்தான் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். அந்த நினைவில், அவள் கையைத் தூக்கியிருக்க வேண்டும் என்றே முதலில் நினைத்தேன். தெரியாததை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டால் அதுவே ஒரு வாசல் ஆகலாம் அல்லவா? ஆனால் உ.வே.சா.வால் தாம் படித்ததை வரிசையாகச் சொல்ல முடிந்தது. ஆடு மேய்த்த வருஷங்களை எந்த வரிசையில் சொல்வது?

அவளிடமே கேட்டுவிடலாம். பலமுறை பக்கத்தில் உட்கார்ந்தும் கேட்கவில்லை. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கத் தூக்கிய கையாகவும் இருந்திருக்கலாம். அப்படியானால் நான் இவ்வளவு நாள் யோசித்தது என்னைப் பற்றித்தான்.

கல்வெட்டைப் படித்துச் சொல்ல ஒருவர் வந்திராவிட்டால் எனக்கு மகேந்திரவர்மன் வெறும் பெயர். அந்தக் கடனை நான் மறுக்கவில்லை. ஆனால் மழை விட்ட பிறகு அந்தப் பாறையின் எந்தக் குழியில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று தெரிந்தவரையும் அந்த இடத்தை அறிந்தவராகச் சேர்த்துக்கொள்வதா, அதற்கு வேறு கணக்கா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.